இருபத்தெட்டாம் நகர்வு: சென்னை 2013, ஒன்பதாவது ஆட்டம் குறித்த ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

2013 நவம்பர் 21ஆம் நாள், சென்னையில் நடந்த உலகச் சதுரங்க சாம்பியன் தொடரின் ஒன்பதாவது ஆட்டத்தில், விசுவநாதன் ஆனந்த் தம் குதிரையை ஜி3 கட்டத்திலிருந்து எஃப்1க்குப் பின்வாங்கினார். அது அவருடைய இருபத்தெட்டாம் நகர்வு. மாக்னஸ் கார்ல்சன் தம் புதிய ராணியை இ1 கட்டத்தில் வைத்ததும் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் பத்தாவது ஆட்டம் டிராவில் முடிய, ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் கார்ல்சன் உலக சாம்பியனானார். 2007 முதல் சென்னைக்காரர் ஒருவரிடம் இருந்த பட்டம் சென்னையிலேயே கைமாறியது.

இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த ஒற்றை நகர்வோடு நின்றுவிடுகிறது. சதுரங்க ஏடுகளில் அதற்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள் இருக்கும். பெரும்பிழை என்று பொருள். அந்தக் குறி சரியானதே, அதில் ஐயம் இல்லை. ஆனால் அது எதை விளக்குகிறது? ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் வென்ற ஒருவர், காய்கள் எல்லாம் கண்முன் இருக்கும்போது, ஒரே நகர்வில் தெரியக்கூடிய பதிலை ஏன் காணவில்லை? அந்த நகர்வு இல்லாதிருந்தால் ஆட்டம் வேறு முடிவை எட்டியிருக்குமா? இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டம் தோற்ற இடமும் ஆட்டம் தீர்மானமான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

காய்களுக்கு ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துகிறேன். வெள்ளையின் இடக்கையிலிருந்து வரிசைகள் ஏ முதல் எச் வரை. வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்கள் 1 முதல் 8 வரை.

2. நிலவும் விளக்கங்கள்

இந்தத் தோல்விக்கு நான்கு விளக்கங்கள் வழக்கில் இருக்கின்றன.

முதலாவது, கவனப்பிழை. நன்றாகத் தாக்கிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் தடுமாறினார், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்களிடம் ஆனந்தே தம் கணக்கு தவறியதை மறைக்காமல் சொன்னதால் இவ்விளக்கம் வலுப்பெற்றது.

இரண்டாவது, தொடரின் நிலை. 12 ஆட்டங்கள் கொண்ட தொடரில் எட்டு முடிந்தபோது கார்ல்சன் ஐந்து, ஆனந்த் மூன்று. ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களில், யானைகள் எஞ்சிய இறுதிக் கட்டத்தில், ஆனந்த் அடுத்தடுத்துத் தோற்றிருந்தார். ஆகவே தொடர் அங்கேயே முடிந்துவிட்டது, ஒன்பதாவது ஆட்டம் ஒரு பின்குறிப்பு மட்டுமே என்பது இந்தத் தரப்பு.

மூன்றாவது, தலைமுறை. ஆனந்த் 1969 டிசம்பரில் பிறந்தவர். கார்ல்சன் 1990 நவம்பரில். ஒருவருக்கு 44 நிறைய இன்னும் சில வாரங்கள். மற்றவருக்கு 23 நிறைய இன்னும் சில நாட்கள். நீண்ட தொடரில் இளமை வென்றது என்கிறார்கள்.

நான்காவது, எஞ்சின் எனப்படும் சதுரங்கக் கணினி நிரல் தரும் விளக்கம். அன்று தூர்தர்ஷனிலும் இணையத்திலும் நேரலை பார்த்தவர்களில் பலருக்கு, கணினியின் மதிப்பீடு நகர்வுக்கு நகர்வு கிடைத்துக்கொண்டிருந்தது. சமநிலைக்கு அருகில் நின்ற அந்த எண் இருபத்தெட்டாம் நகர்வில் சரிந்தது. எண் சரிந்த இடமே பிழை நேர்ந்த இடம் என்பது இதன் தருக்கம்.

நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் முதலாவதும் நான்காவதும் பிழை எங்கே நேர்ந்தது என்று காட்டுவதோடு நிற்கின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் பலகையைப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடியவை. எனவே பலகைக்குச் செல்ல வேண்டும்.

3. இரு திட்டங்களின் ஒப்பந்தம்

அந்தத் தொடரில் அதுவரை வெள்ளைக் காய்களுடன் ஆடியபோதெல்லாம் ஆனந்த் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயையே முதலில் நகர்த்தியிருந்தார். அதில் மூன்று முறை கார்ல்சன் பெர்லின் தற்காப்பை ஆடினார். ராணிகள் விரைவில் வெட்டுப்பட்டு, வெள்ளையின் முன்முயற்சி ஆறிப்போகும் வழி அது. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தினார். 2008இல் பான் நகரில் விளாடிமிர் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது இதே மாற்றம் அவருக்கு வெற்றி தந்தது.

கார்ல்சன் நிம்சோ-இந்தியத் தற்காப்பைத் தேர்ந்தார். ஆனந்த் நான்காம் நகர்வில் எஃப்3, அடுத்து ஏ3. கறுப்பு தன் மந்திரியைக் கொடுத்து வெள்ளைக் குதிரையை வெட்டியது. எட்டாம் நகர்வில் கார்ல்சன் தம் சிப்பாயை சி4க்குத் தள்ளியபோது பலகை இரண்டாகப் பிரிந்தது. ராணிப் பக்கம் கறுப்பின் நிலம். நடுப்பகுதியும் ராஜாப் பக்கமும் வெள்ளையின் நிலம். இருவரும் மற்றவரின் நிலத்தைக் காக்க முயலாமல் தம் நிலத்தில் வேகமாக முன்னேறுவார்கள். யார் முந்துகிறார்கள் என்பதே ஆட்டம்.

இந்த ஒப்பந்தம் புதிதன்று. 1938இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் மிகயீல் போத்வின்னிக், கபபிளாங்காவை வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் சிப்பாய் அமைப்பும் இதைப் போன்றதே. அங்கே கபபிளாங்காவின் ஒரு குதிரை ராணிப் பக்கம் வெகு ஆழமாகச் சென்று ஒரு சிப்பாயை வெல்ல வழிசெய்தது. அதற்குள் வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் உருண்டு வந்து கறுப்பு ராஜாவைச் சூழ்ந்துவிட்டன. தொலைவில் நின்ற குதிரையால் திரும்ப முடியவில்லை. அந்த ஆட்டம் மூன்று தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு பாடம் தந்தது: இந்த அமைப்பில் ராணிப் பக்கப் பேராசை ராஜாவைக் கொல்லும்.

கார்ல்சனின் ராணிப் பக்கக் குதிரை சி6, ஏ5 வழியாக பி3க்குச் சென்றபோது கபபிளாங்காவின் நிழல் பலகைமேல் விழுந்தது. ஆனால் பதினாறாம் நகர்வில் அந்தக் குதிரை சி1இல் நின்ற வெள்ளை மந்திரியை வெட்டித் தானும் வெட்டுப்பட்டது. தொலைவில் சிக்கும் ஒரு காய், எதிராளியின் முக்கியமான காய் ஒன்றோடு பரிமாற்றமானது. கருங்கட்டங்களில் ஓடும் அந்த மந்திரி போனதால், பின்னர் பி2 கட்டத்துக்கு வரவிருந்த கறுப்புச் சிப்பாயைத் தடுக்க ராணி மட்டுமே மிஞ்சியது. போத்வின்னிக்கின் வெற்றியில் கடைசி அடியைத் தொடங்கி வைத்தது அதே கருங்கட்ட மந்திரியின் தியாகம் என்பதை நினைவில் கொண்டால், கார்ல்சன் எதைப் பலகையிலிருந்து நீக்கினார் என்பது விளங்கும்.

4. ஒரு குதிரையின் பயணம்

ஆட்டத்தின் நடுப்பகுதியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காயைப் பின்தொடர்ந்தால் போதும்: கறுப்பின் ராஜாப் பக்கக் குதிரை. பதினைந்தாம் நகர்வில் ஆனந்த் ஜி5க்குச் சிப்பாயைத் தள்ளியதும் அது எஃப்6இலிருந்து இ8க்கு ஒதுங்கியது. பதினெட்டில் சி7. இருபத்தொன்றில் யானையை வெட்டி ஏ6. இருபத்து மூன்றில் மீண்டும் சி7. இருபத்தைந்தில் மீண்டும் இ8. ராணிப் பக்கப் பணியை முடித்துக்கொண்டு, தேவைப்பட்ட சரியான நகர்வில், அது தன் ராஜாவுக்கு அருகில் திரும்பி வந்து நின்றது.

இதற்கு எதிரில் ஆனந்தின் படை: இ5, எஃப்5, பின்னர் எஃப்6, ராணி எச்6இல். ஜி7 கட்டத்தில் ராணியை வைத்தால் ஆட்டம் முடிந்துவிடும். அந்த ஒரு கட்டத்தைக் காத்தது இ8இல் நிற்கும் குதிரை. கபபிளாங்காவால் திருப்ப முடியாத குதிரையைக் கார்ல்சன் திருப்பிவிட்டார்.

வெள்ளையின் பெரிய முடிவு இருபத்து மூன்றாம் நகர்வில் எடுக்கப்பட்டது. அப்போது கறுப்புச் சிப்பாய் பி3க்கு வந்துவிட்டது. வெள்ளை ராணி சி1இல் நின்று பி2 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. ஆனந்த் அரை மணி நேரத்துக்கும் மேல் யோசித்து, ராணியை எஃப்4க்கு அனுப்பினார். அந்த நகர்வோடு கறுப்புச் சிப்பாய் ராணியாவதைத் தடுக்கும் காவல் விலகியது. இனி வெள்ளை, கறுப்பு ராஜாவைப் பிடித்தாக வேண்டும். இல்லையேல் எதிரியிடம் இரண்டு ராணிகள் இருக்கும். அதைத் தெரிந்தே அவர் செய்தார். அத்தொடரில் அவர் காட்டிய மிகத் துணிவான முடிவு இதுதான் என்பது என் மதிப்பீடு.

இந்தத் துணிவுக்குக் கார்ல்சனின் பதில் எளிமையானது. அவர் சிப்பாயை உடனே ஓடவிடவில்லை. குதிரையைச் சி7க்கும், ஜி6 சிப்பாய்க்குப் பின் இ8க்கும் கொண்டுவந்த பிறகே பி2. தாக்குதல் எங்கே முடியும் என்பதை அளந்து, அங்கே காவலை நிறுத்திவிட்டு, பின்பு தன் திட்டத்துக்குத் திரும்பினார். சென்னைத் தொடர் பற்றிய பேச்சில் கார்ல்சனின் இறுதியாட்டத் திறமைக்குக் கிடைத்த புகழ் இந்த மூன்று நகர்வுகளுக்குக் கிடைக்கவில்லை.

5. இருபத்தெட்டாம் நகர்வு

இருபத்தேழாம் நகர்வில் ஆனந்த் யானையை எஃப்4இல் வைத்தார். அடுத்து அது எச்4க்கு வந்தால் எச்7இல் ராணியை வைத்து மேட். கார்ல்சனின் சிப்பாய் பி1இல் ராணியாகி, ராஜாவுக்கு செக் வைத்தது. தாக்குதலைக் கைவிடாமல் அதை இடைமறிக்கக் கருதத்தக்க வழிகள் இரண்டு. மந்திரியை எஃப்1இல் வைக்கலாம்; குதிரையை அங்கே பின்வாங்கலாம். இரண்டில் ஒன்று.

மந்திரியை வைத்தால் என்ன ஆகும்? கறுப்பு ராணி டி1க்குச் செல்லும். வெள்ளை யானை எச்4. அப்போது கறுப்பு ராணி டி1இலிருந்து எச்5க்குச் சாய்வாகப் பாய்ந்து தன்னையே பலியிடும். குதிரை அதை வெட்ட, ஜி சிப்பாய் குதிரையை வெட்ட, யானை எச்5ஐ வெட்ட, கறுப்பு மந்திரி எஃப்5க்கு வந்து எச்7ஐக் காத்துவிடும். வெள்ளையிடம் ஒரு காய் குறைவு. ஈடாக இரண்டு சிப்பாய்களும் நெருக்கடியில் நிற்கும் எதிரி ராஜாவும். ஆட்டம் நீளும். சரியாக ஆடினால் டிராவுக்குப் பக்கம் என்பதே பின்னாளைய ஆய்வுகளின் பொதுவான கருத்து.

ஆனந்துக்குத் தடையாக இருந்தது டி1இலிருந்து எச்5க்குச் செல்லும் அந்தச் சாய்வுக் கோடு. குதிரையை எஃப்1க்குக் கொண்டுபோனால் அதற்கு விடை கிடைக்கிறது: கறுப்பு ராணி டி1 வழியாக எச்5க்கு வந்தாலும், இப்போது அதை வெட்டுவது யானை. குதிரை பலியாவதில்லை, இ3 வழியாக எஃப்5க்குப் பாய்ந்து ஜி7ஐ இன்னொரு முறை தாக்கும். கறுப்பு இ6இல் மந்திரியை வைத்து எஃப்5ஐக் காக்கப் பார்த்தால், டி5 சிப்பாயை வெட்டி அந்த மந்திரியை இழுத்துவிடலாம். அழகான கணக்கு. டி1 ஒன்றே கறுப்பின் வழியாக இருந்திருந்தால் வெள்ளை வென்றிருக்கும்.

ஆனால் டி1–எச்5 கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு இருக்கிறது: இ1இலிருந்து எஃப்2, ஜி3 வழியாக எச்4. அதுவரை ஜி3இல் நின்ற குதிரையே அந்தக் கோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. குதிரை நகர்ந்ததும் கோடு திறந்தது. ராணி இ1இல் வந்து அமர, இனி யானை எச்4க்கு வந்தால் அதை நேரே வெட்டிவிடலாம். வெள்ளை ராணி திருப்பி வெட்டினாலும் கறுப்பிடம் ஒரு யானை கூடுதல். தாக்குதலும் இல்லை. ஆனந்த் அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டார்.

இங்கே நேர்ந்ததைக் கவனப்பிழை என்று மட்டும் சொல்வது போதாது. கவனமில்லாதவர் எச்5 தியாகத்தையே கண்டிருக்கமாட்டார். ஆனந்த் அதைக் கண்டார். அதற்கு மாற்றும் கண்டார். ஒரு கோட்டை அடைக்கத் தேடிய விடையே மற்றொரு கோட்டைத் திறந்தது.

இதற்கு உளவியல் ஆய்வில் ஒரு துணை உண்டு. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபெ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள சதுரங்க ஆட்டக்காரர்களின் கண்ணசைவுகளைப் பதிவு செய்தனர். தெரிந்த ஒரு நல்ல தீர்வைக் கண்டவர்கள், அதைவிடச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னபோதும், அவர்களுடைய கண்கள் முதல் தீர்வோடு தொடர்புடைய கட்டங்களையே சுற்றிவந்தன. நல்ல எண்ணம் அதைவிட நல்ல எண்ணத்தை மறைக்கிறது. திறமை குறைவால் மட்டும் இது நிகழ்வதில்லை. திறமை தந்த விடையே திரையாகிறது. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கப்பட்ட புதிரையும் உலக சாம்பியன் தொடரின் ஆட்டத்தையும் ஒன்றாகக் கருதிவிட முடியாது. என்றாலும் எச்5 என்ற கட்டத்தைச் சுற்றிப் பின்னப்பட்ட கணக்கு இ1 என்ற கட்டத்தை மறைத்தது என்று கொள்வதே, வெறும் தடுமாற்றம் என்பதைவிட, பலகையில் உள்ள சான்றுக்குப் பொருந்துகிறது.

6. விளக்கங்களை எடைபோடுதல்

இனி எஞ்சிய மூன்று விளக்கங்களுக்கும் திரும்பலாம்.

தொடர் முன்பே முடிந்துவிட்டது என்ற வாதம் எண்களை மட்டும் பார்க்கிறது. ஆனால் அந்த எண்களே ஆட்டத்துக்குள் எப்படி நுழைந்தன என்று கேட்டால் அது பயனுள்ள வாதமாகிறது. ஆனந்த் வென்றிருந்தால் கணக்கு ஐந்துக்கு நான்கு. மூன்று ஆட்டங்கள் மீதம். டிராவானால் ஐந்தரைக்கு மூன்றரை. மீதமுள்ள மூன்றில் இரண்டரைப் புள்ளி எடுத்தால்தான் சமன். அவருடைய நிலையில் டிரா தோல்விக்கு மிக அருகில் இருந்தது. மந்திரியை எஃப்1இல் வைக்கும் வழி டிராவை நோக்கிச் செல்வது. குதிரை வழி வெற்றியை நோக்கிச் செல்வதாகத் தோன்றியது. இரண்டு வழிகளில் எதை இன்னொரு முறை சோதிப்போம், எதை நம்பிவிடுவோம் என்பதைத் தேவையும் தீர்மானிக்கிறது. ஆகவே ஐந்தாம், ஆறாம் ஆட்டங்களின் தோல்வி ஒன்பதாவது ஆட்டத்தைப் பொருளற்றதாக்கவில்லை. அதன் இருபத்தெட்டாம் நகர்வுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது என் ஊகம். ஆனால் ஆட்டத்தின் போக்கு அதற்கு இடம் தருகிறது.

தலைமுறை வாதத்தைப் பிந்தைய நிகழ்வுகள் தளர்த்துகின்றன. சென்னைத் தோல்வி நடந்து நான்கு மாதங்களில், 2014 மார்ச்சில், ரஷ்யாவின் கான்டி-மான்சிஸ்க் நகரில், உலக சாம்பியனை எதிர்ப்பவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆனந்த் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு சோச்சியில் மீண்டும் கார்ல்சனை எதிர்த்து ஆடி, ஆறரைக்கு நான்கரை என்று தோற்றார். 2017இல் ரியாத்தில் உலக ரேப்பிட் பட்டத்தை வென்றார். வயது மட்டுமே காரணமென்றால் இந்த மீட்சிகளை விளக்க முடியாது. அந்த ஒன்பதாவது ஆட்டத்திலேயே, சூழலை மாற்றத் துணிந்து புதிய தொடக்கத்தையும் கூர்மையான திட்டத்தையும் தேர்ந்தவர் மூத்தவர்தான்.

எஞ்சின் விளக்கம் எல்லாவற்றையும்விடச் செல்வாக்குப் பெற்றது. எல்லாவற்றையும்விட எச்சரிக்கை வேண்டுவதும் அதுவே. எஞ்சினின் எண் இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும். மனிதருக்கு எந்த நிலை எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லாது. இருபத்தைந்தாம் நகர்வுக்கும் இருபத்தெட்டாம் நகர்வுக்கு முந்தைய நிலைக்கும் இடையே எண்ணில் பெரிய வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். பலகையில் இருந்தது பெரிய வேறுபாடு. இ8க்குக் குதிரை திரும்பிய பிறகு வெள்ளைக்கு வெல்லும் வழி மங்கிவிட்டது. டிராவுக்கே ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையைக் கண்டுபிடிக்கும் சுமை முழுவதும் ஆனந்தின் தோளில் விழுந்தது. அப்படிச் சுமத்தியது கார்ல்சனின் தற்காப்பு. எண் அசையாமல் நின்ற அந்த நகர்வுகளில்தான் ஆட்டம் தீர்மானமானது.

எனவே, முதல் பகுதியின் இரண்டாம் கேள்விக்கு என் விடை இது: இருபத்தெட்டாம் நகர்வு டிராவாகக்கூடிய ஆட்டத்தைத் தோல்வியாக்கியது, வெற்றியாகக்கூடிய ஆட்டத்தை அது கெடுக்கவில்லை. வெற்றியின் கதவு அதற்கு முன்பே, கறுப்புக் குதிரை திரும்பிய நகர்வுகளில், சாத்தப்பட்டுவிட்டது.

7. சிங்கப்பூர் 2024: ஓர் ஒப்பீடு

இதே வாசிப்பு முறையை இன்னோர் ஆட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் டிங் லிரனும் சென்னையின் தொ. குகேஷும் ஆறரைக்கு ஆறரை என்ற சமநிலையில் பதினான்காவது, கடைசி ஆட்டத்தை ஆடினர். ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் யானையை எஃப்2இல் வைத்துப் பரிமாற்றத்துக்கு அழைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. குகேஷ் மந்திரியை டி5இல் வைத்தார். ஏ8 மூலையில் நின்ற வெள்ளை மந்திரி பரிமாற்றத்திலிருந்து தப்ப வழி இல்லை. மிஞ்சுவது இரண்டு சிப்பாய்களுக்கு எதிராக ஒன்று. அது தெளிவான தோல்வி. 18 வயதில் குகேஷ் உலக சாம்பியனானார்.

அன்றும் பேச்சு ஒரு நகர்வைச் சுற்றியே இருந்தது. இந்த அளவு எளிய பிழையால் பட்டம் மாறுவதா என்ற ஏளனமும் எழுந்தது. முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கே கடுமையாக விமர்சித்தார். ஆனால் பின்னோக்கிச் சென்றால், அந்தப் பிழைக்குத் தேவையான சூழல் அதற்கு முன்பே உருவாகியிருப்பது தெரியும். ஐம்பத்து மூன்றாம் நகர்வில் டிங் தம் மந்திரியை ஏ8 மூலைக்கு அனுப்பியிருந்தார். அது வேறு எங்கு நின்றிருந்தாலும் டி5 இவ்வளவு கொடியதாக இருந்திருக்காது. அதற்கும் முன்பு, ஒரு சிப்பாய் குறைந்தாலும் டிரா எடுத்துவிடலாம் என்ற இறுதியாட்டத்தை அவர் தேர்ந்திருந்தார். அந்தக் கணிப்பு கோட்பாட்டளவில் சரியே. குகேஷ் அதை ஏற்று உடனே கைகுலுக்கவில்லை. கூடுதல் சிப்பாயை வைத்துக்கொண்டு, யானையையும் மந்திரியையும் இடம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு நகர்வுக்கும் டிங் ஒரு விடை சொல்லும்படி செய்தார். ஆட்டம் நீண்டுகொண்டே போனபோது ஒரு விடை தவறியது.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் தோற்றவர் செய்த பிழைகள் எதிரெதிர்த் திசையிலானவை. ஆனந்த் வெல்ல வேண்டிய தேவையில் பிழைத்தார். டிங் டிராவை முடித்துவிட வேண்டும் என்ற விருப்பத்தில் பிழைத்தார் என்பதே நகர்வுகளின் போக்கு காட்டுவது. இரண்டிலும் வென்றவர் செய்தது ஒன்றே: எதிராளி தொடர்ந்து சரியான விடை கண்டுபிடிக்க வேண்டிய நிலையை உருவாக்கி, அதைக் கலையவிடாமல் வைத்திருந்தார். அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடிய செயல் அன்று அது.

குகேஷ் மறுபக்கத்திலும் இருந்தவர். 2022இல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் நடந்த ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற அவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தொரோவுக்கு எதிராக மேலோங்கிய நிலையிலிருந்து பெரும்பிழை செய்து தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அவர் ஆடிய இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். சிங்கப்பூரில் டிங்கின் முகத்தில் தெரிந்தது என்ன என்பது அவருக்குத் தெரியாத ஒன்றன்று.

8. பெரியபாளையத்தில் இந்த ஆட்டத்தைப் படிப்பது

இந்த ஆய்வின் பயன் என்ன? தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியின் கண்ணாடி அறைக்குள் இருவர் ஆடிய ஆட்டம், ஆரணியாற்றங்கரையில் உள்ள பெரியபாளையத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவிக்கு என்ன தரும்?

அவள் அந்த அரங்குக்குள் போயிருக்க வேண்டியதில்லை. சதுரங்கத்தின் தனிச்சிறப்பு இது: ஆட்டம் முழுமையாகப் பதிவாகிறது. கிரிக்கெட்டின் ஓட்டக் கணக்கைப் படித்தால் பந்து எப்படித் திரும்பியது என்று தெரியாது. சதுரங்கத் தாளில் உள்ள 28 நகர்வுகளைப் பலகையில் ஆடிப்பார்த்தால், ஆனந்தும் கார்ல்சனும் பார்த்த அதே நிலை அவள் முன்னால் இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் அவள் அண்ணன் எதிரே உட்கார்ந்து கறுப்புக் காய்களை நகர்த்தலாம். ஒரு பலகை, ஒரு தாள், ஒரு மாலை நேரம் போதும்.

தமிழ்நாடு இதற்கான அடித்தளத்தை நெடுங்காலமாக அமைத்திருக்கிறது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயை வென்றார். சென்னை சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய மிகயீல் தால் சதுரங்க மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்த் மூத்தவர்களோடு ஆடிப் பழகினார். 2013 தொடரைச் சென்னையில் நடத்தத் தமிழக அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. 7 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்குப் பள்ளிகளில் சதுரங்கம் கற்பிக்கும் திட்டமும் அதே காலத்தில் வந்தது. அந்தத் தொடரைப் பார்வையாளராகக் கண்ட ஏழு வயதுச் சிறுவர்களில் ஒருவர், பின்னர் மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியின் மாணவராக அறியப்பட்ட குகேஷ். கண்ணாடிக்குள் தாமும் ஒருநாள் அமர வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டதைப் பட்டம் வென்ற பிறகு அவர் நினைவுகூர்ந்தார். இன்று இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் அடித்தளத்துக்கு இணையாக வாசிப்புப் பண்பாடு வளர்ந்திருக்கிறதா? பள்ளிப் போட்டி முடிந்ததும் பிள்ளையிடம் கேட்கப்படும் முதல் கேள்வி வென்றாயா என்பது. தோற்றிருந்தால், கைபேசியில் ஆட்டத்தை ஏற்றி, எஞ்சின் சிவப்புக் குறி காட்டும் நகர்வைச் சுட்டி, இங்கேதான் கெட்டது என்று முடித்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் பிள்ளைக்கு ஒரு தவறான பாடத்தைக் கற்பிக்கிறது: தோல்வி என்பது ஒரு கணத்தின் குற்றம். ஒன்பதாவது ஆட்டம் கற்பிப்பது வேறு. பிழைக்கு முன்னால் ஒரு நியாயமான எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்துக்கு முன்னால் ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவைக்கு எதிரில் இன்னொருவர் பொறுமையாகக் கட்டிய காவல் இருந்தது.

ஆகவே பயிற்சியளிப்போருக்கும் பெற்றோருக்கும் மூன்று கேள்விகளைப் பரிந்துரைக்கிறேன். எஞ்சினைத் திறப்பதற்கு முன், பிள்ளையின் வாயாலேயே இவற்றுக்கு விடை வர வேண்டும். அந்த நகர்வை ஆடியபோது நீ எதைத் தடுக்க நினைத்தாய்? நகர்த்திய காய் அதுவரை எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது? உன் எதிராளி எந்த நகர்விலிருந்து உனக்குக் கடினத்தை உண்டாக்கத் தொடங்கினார்? முதல் கேள்வி பிள்ளையின் சிந்தனைக்கு மதிப்பளிக்கிறது. இரண்டாவது, ஜி3 குதிரையின் பாடம். மூன்றாவது, வென்றவரின் உழைப்பைக் காணப் பழக்குகிறது.

மூன்றாவது கேள்வியே கடினமானது. நம் சூழலில் மிகவும் தேவைப்படுவதும் அதுவே. ஆனந்தின் தோல்வியை ஆனந்தின் பிழையாக மட்டும் படித்தபோது, நாம் அவருக்கும் நியாயம் செய்யவில்லை, கார்ல்சனுக்கும் நியாயம் செய்யவில்லை. குகேஷின் வெற்றியை டிங்கின் பிழையாக மட்டும் படித்தவர்கள் குகேஷுக்குச் செய்ததும் அதுவே. ஓர் ஆட்டத்தை இருவர் சேர்ந்தே ஆக்குகிறார்கள். தோற்றவரின் தாளில் உள்ள ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே வென்றவரின் நகர்வு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பத்திகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கினால், கிராண்ட்மாஸ்டர் ஆகாத பிள்ளைகளுக்கும் சதுரங்கம் வாழ்நாள் முழுவதும் உதவும் ஒரு கல்வியாக அமையும்.